அச்சம் எப்போது வாக்காக மாறுகிறது? தேசப் பாதுகாப்பும் அமெரிக்க இடைக்காலத் தேர்தல்களும்

குறைஷிக் குலத்தாருக்குத் தான் வழங்கிய அருட்கொடைகளை நினைவூட்டும்போது, அல்லாஹ் திருமறையில் இரண்டை எடுத்துச் சொல்கிறான். ஒன்று, பசிக்கு உணவு. மற்றொன்று, அச்சத்திலிருந்து அபயம். எந்த நாட்டு மக்களும் தங்கள் ஆட்சியாளர்களிடம் எதிர்பார்ப்பது ஏறத்தாழ இவ்விரண்டையும்தான். தேர்தல் காலத்தில் அரசியல்வாதிகள் அதிகம் பேசுவதும் இவற்றைப் பற்றியே.

"நாடு ஆபத்தில் இருக்கிறது" என்ற முழக்கம் எழுந்துவிட்டால் மக்கள் திரண்டு வந்து வாக்களிப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மைதானா? அமெரிக்காவின் இடைக்காலத் தேர்தல்களைக் கொண்டு இக்கேள்விக்கு விடை தேடுவோம். அமெரிக்காவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு 'தேசப் பாதுகாப்பு' என்ற சொல்லின் சுமையை அதிகமாகச் சுமந்தவர்களில் அந்நாட்டு முஸ்லிம்களும் அடங்குவர். நம் ஊர்களிலிருந்து அங்கு சென்று குடியேறிய பிள்ளைகளும் அச்சமூகத்தில் இருக்கிறார்கள்.

இடைக்காலத் தேர்தல் என்றால் என்ன?

நம் நாட்டில் 'இடைத்தேர்தல்' என்றால், உறுப்பினர் இறந்தாலோ பதவி விலகினாலோ அந்த ஒரு தொகுதிக்கு மட்டும் நடப்பது. அமெரிக்காவின் இடைக்காலத் தேர்தல் அதுவல்ல. அங்கே அதிபரின் பதவிக்காலம் 4 ஆண்டுகள். அதன் நடுவில், 2 ஆண்டுகள் முடிந்த நிலையில், நாடு முழுவதும் நடக்கும் பொதுத்தேர்தலே இது. நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு நடக்கும்.

அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதில் பிரதிநிதிகள் சபை, செனட் சபை என இரு அவைகள் உண்டு. இடைக்காலத் தேர்தலில் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும், செனட்டின் 100 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், பல மாநிலங்களின் ஆளுநர் பதவிகளும் நிரப்பப்படுகின்றன. அங்கே ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். நம் முதலமைச்சரைப் போன்ற அதிகாரம் உடையவர். அதிபர் பதவிக்கு அன்று போட்டி கிடையாது. ஆனால் அதிபர் நினைத்தது நடக்குமா, நடக்காதா என்பதை அந்தத் தேர்தல்தான் பெருமளவு முடிவு செய்கிறது. போருக்கு நிதி ஒதுக்குவதும், கண்காணிப்புச் சட்டங்களை இயற்றுவதும், குடியேற்ற விதிகளை மாற்றுவதும் காங்கிரஸின் கையில்தான் இருக்கின்றன.

வருபவர் யார், வராதவர் யார்?

அதிபர் தேர்தலில் தகுதியுள்ளோரில் 60 சதவீதத்தையொட்டியோ அதற்கு மேலோ வாக்களிப்பது அண்மைக்கால வழக்கம். இடைக்காலத் தேர்தலில் நீண்ட காலமாக இது 40 சதவீதத்தையொட்டியே இருந்து வந்தது. அதாவது பத்துப் பேரில் ஆறு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

இதற்குச் சில காரணங்கள் உண்டு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கும் பொறுப்பு குடிமக்களைச் சார்ந்தது. வீடு மாறினால் மீண்டும் பதிய வேண்டும். செவ்வாய்க்கிழமை வேலை நாள். நாடு முழுமைக்குமான தேர்தல் விடுமுறை கிடையாது. அதிபர் வேட்பாளர் இல்லாததால் ஊடகப் பரபரப்பும் குறைவு. இந்தத் தடைகளையெல்லாம் தாண்டித் தவறாமல் வருபவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், படிப்பும் வருமானமும் அதிகம் உள்ளவர்கள். இளைஞர்கள், வாடகை வீட்டில் இருப்போர், புதிதாகக் குடியுரிமை பெற்றோர் பின்தங்கிவிடுகிறார்கள்.

இந்த இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வாக்களிப்போர் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது, ஒரு சிறு கூட்டம் கூடுதலாக வந்தாலும் முடிவு மாறிவிடும். ஆகவே இடைக்காலத் தேர்தலில், "மக்கள் எவ்வளவு அஞ்சுகிறார்கள்?" என்பதை விட, "யாருடைய அச்சம் வாக்குச் சாவடி வரை வந்து சேர்கிறது?" என்ற கேள்விக்கே எடை அதிகம்.

1942: போரே வாக்குப்பதிவைக் குறைத்தது

பாதுகாப்புக் கவலை உச்சத்தில் இருந்த தேர்தல் என்றால் 1942-ஐச் சொல்ல வேண்டும். பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பொதுவான எண்ணப்படி பார்த்தால் மக்கள் அலைகடலெனத் திரண்டிருக்க வேண்டும். ஆனால் வாக்களித்தவர்கள் சுமார் 34 சதவீதம் மட்டுமே. முந்தைய இடைக்காலத் தேர்தலான 1938-ஐ விட அது வெகுவாகக் குறைவு.

லட்சக்கணக்கான இளைஞர்கள் படையில் சேர்ந்து ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். போர்த் தொழிற்சாலைகளில் வேலைக்காகக் குடும்பங்கள் மாநிலம் விட்டு மாநிலம் சென்றிருந்தன. புதிய ஊரில் அவர்களுக்கு வாக்கு இல்லை. படைவீரர்கள் வாக்களிக்க வழிசெய்யும் சட்டம் அவ்வாண்டு செப்டம்பரில்தான் வந்தது. தேர்தலுக்கு ஏழு வாரங்களே இருந்த நிலையில் அதனால் பயனடைந்தவர்கள் மிகச் சிலர். வட ஆப்பிரிக்காவின் மொராக்கோ, அல்ஜீரியா கரைகளில் அமெரிக்கப் படைகள் இறங்கியது நவம்பர் 8-ஆம் நாள். அதாவது தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள். அந்தத் தேர்தலில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது.

அன்று வாக்களிக்கும் வயது 21. உயிரைக் கொடுக்க அனுப்பப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயது வீரர்களுக்கு அந்த முடிவில் பேச்சுரிமை இல்லை. இந்த முரண்பாடு வியட்நாம் போர்க்காலத்தில் பெரும் வாதமாக எழுந்து, 1971-ல் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் வாக்குரிமை வயது 18 ஆனது. யார் வாக்காளர் என்பதையே ஒரு போர் மாற்றியமைத்தது.

2002: அச்சத்தின் அறுவடை

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த முதல் இடைக்காலத் தேர்தல் 2002 நவம்பர் 5-ல் நடந்தது. தாக்குதல் நடந்த சில நாட்களில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் மக்கள் ஆதரவு, கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 90 சதவீதத்தைத் தொட்டிருந்தது. நெருக்கடி வரும்போது மக்கள் கொடியின் கீழ் ஒன்றுகூடித் தலைவரை ஆதரிக்கும் இந்தப் போக்கை, அரசியல் அறிஞர் ஜான் முல்லர் 1970-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

தேர்தலுக்கு ஒரு மாதம் கூட இல்லாத நிலையில், ஈராக் மீது படை நடவடிக்கை எடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் காங்கிரஸில் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133 என்ற கணக்கிலும், செனட்டில் 77-க்கு 23 என்ற கணக்கிலும் அது நிறைவேறியது. தேர்தலைக் கண்முன் வைத்துக்கொண்டு அந்த வாக்கெடுப்பில் நிற்க வேண்டிய நெருக்கடி உறுப்பினர்களுக்கு இருந்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் செனட்டர் மேக்ஸ் கிளீலண்ட், வியட்நாம் போரில் இரு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைப்பது தொடர்பான சில வாக்கெடுப்புகளில் அவர் அதிபருக்கு எதிராக வாக்களித்ததைக் காட்டி, உஸாமா பின் லாதின், சதாம் ஹுசைன் படங்களுடன் அவருக்கு எதிராக ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியானது. அவர் தோற்றார். மாநிலக் கொடியை மாற்றியதால் எழுந்த உள்ளூர்க் கோபமும் அங்கே அவருடைய கட்சிக்குப் பாதகமாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் போரில் உடலைக் கொடுத்த ஒருவரின் நாட்டுப்பற்றையே சந்தேகத்துக்குள்ளாக்க முடிந்தது என்றால், அன்றைய சூழலை நாம் புரிந்துகொள்ளலாம்.

பொதுவாக இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி இடங்களை இழக்கும். 2002-ல் குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் இடங்களைக் கூட்டிக்கொண்டு செனட்டையும் கைப்பற்றியது. ஆனால் வாக்குப்பதிவு எவ்வளவு உயர்ந்தது? 1998-ல் சுமார் 38 சதவீதம். 2002-ல் சுமார் 40 சதவீதம். அவ்வளவுதான்! மூவாயிரம் பேர் கொல்லப்பட்ட ஒரு கொடுந்தாக்குதலுக்குப் பின்னும், ஒரு போரின் வாசலில் நின்றபோதும், வாக்களிக்காத பெரும்பான்மை வாக்களிக்காமலேயே இருந்தது.

பிறகு ஆளுங்கட்சி எப்படி வென்றது? தேர்தலுக்கு முந்தைய கடைசி 72 மணி நேரத்தில் ஆதரவாளர்களை வீடு வீடாகச் சென்று அழைத்துவரும் ஒரு திட்டத்தை அக்கட்சி உருவாக்கியிருந்தது. அச்சம் என்பது களத்தில் காய்ந்து கிடந்த விறகு. அதை வீடு வீடாகச் சென்று சேகரித்து அடுப்பில் வைத்தவர்கள் அந்தத் தொண்டர்கள்.

2006: அதே பாதுகாப்பு, எதிர்த்திசையில்

நான்கே ஆண்டுகளில் காட்சி மாறியது. ஈராக்கில் 2006 பிப்ரவரியில் சாமர்ரா நகரின் அஸ்கரிய்யா அடக்கத்தலம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொடர்ந்து உள்நாட்டு ரத்தக்களரி பெருகியது. அக்டோபர் மாதத்தில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். ஈராக்கிய மக்களின் உயிரிழப்போ அதைவிடப் பல மடங்கு. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு சதாம் ஹுசைனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட செய்தி வந்தும் ஆளுங்கட்சிக்கு அது கைகொடுக்கவில்லை. நவம்பர் 7-ல் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் கைப்பற்றியது. மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டின் விலகல் அறிவிக்கப்பட்டது.

இம்முறையும் வாக்குப்பதிவு 40 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2002-ல் வந்த அளவு மக்களே ஏறத்தாழ வந்தார்கள். முடிவு மட்டும் தலைகீழானது. பாதுகாப்பு பற்றிய கவலை எப்போதும் ஒரே கட்சிக்குத்தான் சாதகம் என்பது இல்லை. ஆபத்து வெளியிலிருந்து வருவதாகத் தோன்றும்போது மக்கள் ஆட்சியாளரைச் சுற்றி நிற்கிறார்கள். ஆட்சியாளரின் முடிவே ஆபத்தைக் கொண்டுவந்தது என்று தெரியும்போது அவரிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

அதே தேர்தலில்தான் மின்னசோட்டாவிலிருந்து கீத் எலிசன் காங்கிரஸின் முதல் முஸ்லிம் உறுப்பினராகத் தேர்வானார். 2007 ஜனவரியில் பதவிப்பிரமாணச் சடங்கின்போது அவர் பயன்படுத்தியது, அந்நாட்டின் மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் தம் நூலகத்தில் வைத்திருந்த குர்ஆன் மொழிபெயர்ப்புப் பிரதி.

2010: இல்லாத ஆபத்துக்கு ஒரு வாக்கெடுப்பு

2010-ல் பொருளாதாரச் சரிவுதான் தலையாய பிரச்சினை. ஆயினும் நியூயார்க்கில், தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுர வளாகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அமையவிருந்த ஓர் இஸ்லாமிய மையத்தை எதிர்த்து அவ்வாண்டுக் கோடையில் நாடு தழுவிய பிரச்சாரம் கிளம்பியது. நியூயார்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத தொகுதிகளின் வேட்பாளர்கள்கூட அதைப் பேசினார்கள்.

ஒக்லஹோமா மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாநில நீதிமன்றங்கள் ஷரீஅத் சட்டத்தைக் கருத்தில் கொள்ளக் கூடாது என்று அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று நவம்பர் 2-ஆம் நாள் வாக்காளர் முன் வைக்கப்பட்டது. முஸ்லிம்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய விழுக்காடே உள்ள மாநிலம் அது. சுமார் 70 சதவீத ஆதரவுடன் அது நிறைவேறியது. அங்கு வாழ்ந்த ஒரு முஸ்லிம் உடனே வழக்குத் தொடுத்தார். தன்னுடைய மரண சாசனத்தில் மார்க்க நெறிகளைச் சொல்லியிருந்தால்கூட அதை நீதிமன்றம் ஏற்காத நிலை வரும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் திருத்தத்துக்குத் தடை விதித்தது. 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. 2013-ல் தடை நிரந்தரமானது.

வாக்குச் சாவடியில் 70 சதவீதம் பேர் ஒரு பக்கம் நின்றபோதும், அரசியலமைப்பு ஒரு தனிமனிதனின் உரிமையைக் காத்தது. வாக்குரிமையோடு நீதிமன்ற வழியையும் ஒரு சமூகம் அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

2014-ம் 2018-ம்: அடுத்தடுத்த இரு தேர்தல்கள்

2014 கோடையில் ஐ.எஸ். என்ற கொடிய கும்பல் ஈராக்கின் மோசூல் நகரைப் பிடித்தது. அமெரிக்கச் செய்தியாளர்களைக் கொன்று படம் பிடித்து வெளியிட்டது. இஸ்லாத்தின் பெயரைச் சொல்லி அவர்கள் செய்த அக்கிரமங்களை உலகெங்கும் உள்ள உலமாக்கள் கண்டித்தார்கள். செப்டம்பரில் அதிபர் ஒபாமா தொலைக்காட்சியில் தோன்றி அவர்களுக்கு எதிரான படை நடவடிக்கைகளை அறிவித்தார். அதே நேரத்தில் எபோலா நோய்ப் பீதியும் சேர்ந்துகொண்டது. தேர்தல் விளம்பரங்களில் இவ்விரண்டும் இடம்பெற்றன. அச்சத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் வாக்குப்பதிவு 37 சதவீதத்தையும் எட்டவில்லை. 1942-க்குப் பிறகு இதுவே மிகக் குறைவு!

2018-ல் எல்லாம் தலைகீழ். வாக்குப்பதிவு சுமார் 50 சதவீதம். 1914-க்குப் பிறகு இடைக்காலத் தேர்தலில் இவ்வளவு பேர் வந்ததில்லை. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வின்படி, 18 முதல் 29 வயது வரையிலானோரில் வாக்களித்தவர்கள் 2014-ல் 20 சதவீதம். 2018-ல் 36 சதவீதம்.

அந்த ஆண்டும் பாதுகாப்பு பேசப்பட்டது. மத்திய அமெரிக்காவிலிருந்து நடந்து வந்த அகதிக் கூட்டத்தைப் 'படையெடுப்பு' என்று அதிபர் டிரம்ப் வர்ணித்தார். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு 5,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் எல்லைக்கு அனுப்பப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஒரு தரப்பை அது வாக்குச் சாவடிக்குத் தள்ளியது என்றால், அதைக் கண்டு கொதித்த மறுதரப்பும் அதே வேகத்தில் வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் யூத வழிபாட்டுத் தலத்தில் ஒரு வெறியன் 11 பேரைச் சுட்டுக் கொன்றதும் அதே அக்டோபர் மாதத்தில்தான். பாதிக்கப்பட்ட அந்தக் குடும்பங்களுக்காக முஸ்லிம் அமைப்புகள் நிதி திரட்டிக் கொடுத்தன.

இவ்விரு தேர்தல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2014-ல் அச்சம் இருந்தது. ஆனால் தன் வாக்கினால் எது மாறும் என்று வாக்காளனுக்குத் தெரியவில்லை. ஐ.எஸ்.ஸை எதிர்ப்பதில் இரு கட்சிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2018-ல் இரு வழிகளும் பகலும் இரவும் போலத் தெளிவாக வேறுபட்டு நின்றன. அச்சத்தோடு தெளிவான தேர்வும் சேரும்போதுதான் வாக்குச் சாவடியில் வரிசை நீள்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அரசியல் உளவியல் ஆய்வாளர்கள் அச்சத்தையும் கோபத்தையும் பிரித்துப் பார்க்கிறார்கள். அஞ்சும் மனிதன் செய்திகளைத் தேடுகிறான். தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறான். உறுதியான தலைவரை விரும்புகிறான். ஆனால் எழுந்து செயல்படத் தயங்குகிறான். "இதற்குக் காரணம் இன்னார், இதை மாற்ற முடியும்" என்ற கோபம் உள்ளவனே செயலில் இறங்குகிறான். அச்சம் மட்டும் இருந்தால் சிலரை அது வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடவும் செய்யும்.

வாக்காளரை வரவைப்பது எது என்பது பற்றிப் புகழ்பெற்ற ஒரு கள ஆய்வு உண்டு. 1998 இடைக்காலத் தேர்தலின்போது கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு பேராசிரியர்கள் இதை நடத்தினார்கள். ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைப் பிரித்து, சிலரை நேரில் சந்தித்தும், சிலருக்குத் தொலைபேசியில் பேசியும், சிலருக்குக் கடிதம் அனுப்பியும் வாக்களிக்க நினைவூட்டினார்கள். நேரில் சந்தித்துப் பேசியது வாக்களிப்பைக் கணிசமாக உயர்த்தியது. கடிதத்தின் பலன் சொற்பம். தொலைபேசி அழைப்புக்குப் பலனே தென்படவில்லை. ஒரு மனிதர் கதவைத் தட்டி "வாருங்கள்" என்று சொல்வதற்கு உள்ள மதிப்பு, எந்தப் பிரம்மாண்ட விளம்பரத்துக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

சுமையைச் சுமந்தவர்களுக்கு வாக்கு இல்லை

இந்தத் தேர்தல் கணக்குகளுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். 2002-ல் அமெரிக்க அரசு ஒரு சிறப்புப் பதிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த, குடியுரிமை பெறாத ஆண்கள் அரசு அலுவலகங்களுக்குச் சென்று கைரேகை, புகைப்படம் கொடுத்துப் பதிய வேண்டும். அவற்றில் வட கொரியாவைத் தவிர மற்ற 24-ம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகியவையும் அதில் அடக்கம். உள்நாட்டில் 80,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கப்பட்டது. பயங்கரவாதக் குற்றத்துக்காக அத்திட்டத்தின் வழியே ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 2011-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டு, 2016 டிசம்பரில் அதன் விதிகளும் நீக்கப்பட்டன.

அப்படி வரிசையில் நின்ற கணவருக்கும் மகனுக்கும் வாக்கு இல்லை. அவர்களுக்காகப் பேசக்கூடியவர்கள் குடியுரிமை பெற்ற உறவினரும், பக்கத்து வீட்டாரும், பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து தொழுதவர்களும்தான். அவர்கள் வாக்களிக்காமல் இருந்தால், அந்த வீட்டின் குரல் எந்த உறுப்பினரின் காதிலும் விழாது.

அச்சம் அந்தச் சமூகத்தை உள்ளேயும் அரித்தது. நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்கள், கடைகள், மாணவர் சங்கங்கள் ஆகியவற்றை இரகசியமாகக் கண்காணித்து வந்தது 2011-ல் பத்திரிகைச் செய்திகளால் வெளிச்சத்துக்கு வந்தது. அருகில் தொழுபவரையே சந்தேகிக்கும் நிலையில், கூட்டத்தில் அரசியல் பேசவே பலர் அஞ்சினார்கள். ஒரு தரப்பை வாக்குச் சாவடிக்கு அழைத்து வந்த அதே 'தேசப் பாதுகாப்பு', இன்னொரு தரப்பைப் பொதுவாழ்விலிருந்தே ஒதுங்க வைத்தது.

ஆயினும் அச்சமூகம் ஒதுங்கியே இருந்துவிடவில்லை. 2017 ஜனவரியில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. சோமாலியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. பின்னர் மாற்றப்பட்ட வடிவத்தில் அத்தடையை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றக் கதவு அடைபட்ட அதே ஆண்டு நவம்பரில், சோமாலியாவிலிருந்து அகதியாக வந்த இல்ஹான் உமர் மின்னசோட்டாவிலிருந்தும், ஃபலஸ்தீன வம்சாவளியைச் சேர்ந்த ரஷீதா தலீப் மிச்சிகனிலிருந்தும் காங்கிரஸுக்குத் தேர்வானார்கள். அந்த அவைக்கு முஸ்லிம் பெண்கள் தேர்வானது அதுவே முதல் முறை. இத்தனைக்கும் 2017-ல் ப்யூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி அமெரிக்காவின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 1.1 சதவீதம் மட்டுமே.

மார்க்கம் காட்டும் வழி

வாக்களிப்பது என்பது ஒரு வகையில் சாட்சியம் கூறுவது; பரிந்துரை செய்வது; நம் சார்பில் செயல்பட ஒருவரை வக்கீலாக்குவது என்று நம் துணைக்கண்டத்தின் உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். முஃப்தி முஹம்மத் ஷஃபி (ரஹ்) அவர்களின் விளக்கம் இதில் பிரபலமானது. சாட்சியத்தை மறைப்பதும், பொய்ச்சாட்சி சொல்வதும் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்பதை நாம் அறிவோம். அச்சத்தால் அநீதிக்குச் சாட்சி சொல்வதும் கூடாது. அச்சத்தால் உண்மைச் சாட்சியை மறைப்பதும் கூடாது.

திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 83-ஆம் வசனம் இங்கே மிகவும் பொருந்துகிறது. பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்ததும் அதை உடனே பரப்பிவிடும் போக்கை அவ்வசனம் கண்டிக்கிறது. பொறுப்பும் ஆய்ந்தறியும் ஆற்றலும் உள்ளவர்களிடம் அதைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று வழிகாட்டுகிறது. தேர்தல் நெருங்கும்போது வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வோர் எச்சரிக்கையையும் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனமோ, ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்கிறது. மற்றவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் அதே நீதி, நம்மிடமும் எதிர்பார்க்கப்படுகிறது.

மிம்பரில் நின்று பேசும் நமக்கும் இதில் பங்கு உண்டு. "நம் சமுதாயம் அழியப்போகிறது" என்று வாரந்தோறும் அச்சத்தை மட்டும் ஊட்டினால், கேட்பவர் கண்ணீரோடு வீடு திரும்புவார், அத்தோடு சரி. 2014-ல் அமெரிக்க வாக்காளருக்கு நேர்ந்ததுதான் இங்கும் நேரும். அச்சத்தோடு வழியையும் சொல்ல வேண்டும். எந்த அலுவலகத்தில், எந்தத் தேதிக்குள், எந்தப் படிவம் என்று சொல்லும் ஐந்து நிமிட அறிவிப்பு, ஒரு மணி நேர உணர்ச்சிப் பேச்சை விடப் பயன் தரக்கூடும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு

நம் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் இச்செய்திகளை எடுத்துச் சொல்லலாம்:

• வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்போருக்கும், கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அந்நாட்டுக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை இல்லை. தவறுதலாகக்கூட வாக்களிக்க வேண்டாம். அது குற்றம், நாடு கடத்தப்படவும் காரணமாகலாம். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே வாக்காளர் பதிவுக்கான கேள்வியும் வரும். அங்கே கவனமில்லாமல் 'ஆம்' என்று குறித்துவிடக் கூடாது.

• குடியுரிமை பெற்றவர்கள் முதல் வேலையாகப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவுக்கான கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வீடு மாறியிருந்தால் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

• அதிபர் தேர்தலோடு நிறுத்திவிடக் கூடாது. 2026-க்கான இடைக்காலத் தேர்தல் நாள் நவம்பர் 3. குறைவானவர்கள் வரும் தேர்தலில்தான் சிறு சமூகத்தின் வாக்குக்கு எடை கூடுதல்.

• தபால் வாக்கு, முன்கூட்டியே வாக்களிப்பது ஆகிய வசதிகள் பல மாநிலங்களில் உண்டு. வேலை நாளில் விடுப்பு எடுக்க இயலாதவர்களுக்கு இவை உதவும்.

• பள்ளிவாசலில் பழக்கமான நான்கு பேருக்கு நேரில் நினைவூட்டுங்கள். குறிப்பாக, புதிதாகக் குடியுரிமை பெற்ற முதியவர்களையும், ஆங்கிலப் படிவங்களைக் கண்டு தயங்கும் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

1942-லிருந்து 2018 வரை நாம் பார்த்த தேர்தல்கள் அனைத்தும் ஒன்றையே சொல்கின்றன. ஆபத்து பற்றிய பேச்சு மட்டுமே மக்களை வாக்குச் சாவடிக்குக் கொண்டுவருவதில்லை. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற தெளிவும், கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் ஒரு மனிதரும் அதற்குத் தேவை. இவ்விரண்டும் கிடைத்த தரப்பு, எண்ணிக்கையில் சிறிதானாலும், சட்டங்களை எழுதுவோரைத் தேர்ந்தெடுக்கிறது. கிடைக்காத தரப்போ, அந்தச் சட்டங்களின் சுமையை மட்டும் சுமக்கிறது.

எந்த நாட்டில் வாழ்ந்தாலும் நம் மக்கள் உண்மைக்கும் நீதிக்கும் சாட்சியாக நிற்கவும், அச்சத்திலிருந்து அபயம் பெற்று அமைதியாக வாழவும் வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.